பொட்டு வைத்த துப்பாக்கி

அம்மாவைக் குளிப்பாட்டிய பெண்கள் அவள் காதிலிருந்து தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்கள். வாசலில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. துப்பாக்கியைப் புடுங்கின மவராசி என்று பக்கத்து வீட்டு அத்தை இழுத்துப் பாடியபோது, பந்தலுக்கு வெளியே நின்ற பையன்களில் ஒருவன், "அது பொம்மத் துப்பாக்கிடா" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளையில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் இதை எழுதிவிட வேண்டும் போல இருக்கிறது.

அந்தத் துப்பாக்கி எங்கள் கூரை வீட்டில் நெல் குதிருக்கு மேலே இரண்டு ஆணியில் தொங்கும். நீளக் கட்டை, அதன் மேல் இரும்புக் குழல், நடுவில் பித்தளைப் பூண். பக்கவாட்டில் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கிற, குதிரை என்று சொல்லும் ஓர் இரும்புக் கொக்கி. அதன் வாயில் ஒரு கல். துப்பாக்கி முன்பு பண்ணையார் வீட்டுக் கூடத்தில் மான் கொம்புக்குக் கீழே மாட்டியிருந்ததாம். ராஜா காலத்துச் சாமான், பண்ணையாரின் தாத்தாவுக்கு அரண்மனையில் கொடுத்தது என்று ஊரெல்லாம் பேச்சு.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுவடை நின்றுபோனது. எங்கள் தெரு ஆண்களையெல்லாம் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அப்பாவும் உள்ளே. வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தபோது பெண்கள் போய் வயலில் நின்றார்கள். பண்ணையின் காரியக்காரர் அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வரப்பில் வந்து நீட்டினார். மற்றவர்கள் ஒதுங்க, அம்மா நேரே நடந்துபோய்க் குழலைப் பிடித்து இழுத்துவிட்டாள். காரியக்காரர் வாய்க்காலில் விழுந்தார். இந்தக் கதையைச் சொல்லாத வாய் எங்கள் தெருவில் கிடையாது. சொல்லாதவள் அம்மா மட்டும்தான்.

ஆயுத பூஜைக்கு அந்தத் துப்பாக்கி கீழே இறங்கும். அப்பா கட்சிக்காரர், சாமி கும்பிட மாட்டார். ஆனால் மண்வெட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து, "கழுவித்தான் குடுக்குறேன், கும்புடக் குடுக்கல" என்று சொல்லி அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அரிவாளோடும் மண்வெட்டியோடும் துப்பாக்கியைப் படுக்க வைத்து வேப்பெண்ணெய் பூசுவாள். கட்டையில் ஒரு பொட்டு, குழலில் ஒரு பொட்டு, குதிரைக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு பொட்டு. போன வருஷத்துச் சந்தனத்தை யாரும் துடைக்கிற வழக்கமில்லை. அதன்மேலேயே இந்த வருஷத்துச் சந்தனம். குதிரைக்குப் பக்கத்தில் அது ஆறாத புண்ணின் பொருக்குப் போலத் தடித்துக் கிடந்தது.

பெரிய பண்ணையார் செத்துப்போய், பட்டணத்தில் படித்த சின்னவர் நிலத்தைப் பார்க்க வந்தார். நாங்கள் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த வயலை விடச் சொல்லிக் கேட்டார். அப்பா விடவில்லை. சட்டம் நம்ம பக்கம் என்று அப்பா சொன்னார். உடனே சின்னவர் வேறொரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். தங்கள் குடும்பத்து ராஜா காலத்துத் துப்பாக்கி களவுபோய், லைசென்ஸ் இல்லாமல் அந்த வீட்டில் இருக்கிறது என்று மனு கொடுத்துவிட்டார். அது நிஜத் துப்பாக்கியாக இருந்தால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நான் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். ஆத்தா, அது நிஜத் துப்பாக்கியா இருக்கணும் என்று.

சோதனைக்குக் குறித்த நாளில், காலையில் ஜீப் வந்தது. ஏட்டையா, சின்னவர், வயதாகிப்போன காரியக்காரர், கூடவே நாகப்பட்டினத்தில் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு பாய். அப்பா விடிந்ததும் அம்மாவின் மாற்றுச் சேலையை மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதைப் பார்த்து, எல்லாம் முடிந்ததும் நாங்கள் எங்கேயோ ஊருக்குப் போகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பூவரச மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அதில் துப்பாக்கியை வைத்தார்கள். பாய் பார்த்தவுடன் மூக்கைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, துப்பாக்கியா, அம்மன் சிலையா? இவ்வளவு சந்தனம்."

"வருஷா வருஷம் வைக்கிறதுங்க" என்றாள் அம்மா.

"சாமியாக்கிட்டீங்க. சரி, சாமிக்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுப் பாப்போம்."

பாய்க்குப் பேச்சு ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது. பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டும் இருந்தார்.

"ஏட்டையா, இது கல் துப்பாக்கி மாதிரி. இதுக்குத் தோட்டா கெடையாது. குழல் வாயில மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கணும். பக்கத்துல இருக்கே இந்தத் தட்டு, இதுல கொஞ்சம் மருந்து. விசையை இழுத்தா குதிரை வாயில இருக்குற கல்லு இந்த இரும்புல உரசிப் பொறி விழும். தட்டு மருந்து பத்தும். அந்த நெருப்பு ஒரு ஓட்டை வழியா குழலுக்குள்ள போவும். அப்பறம் டமார்."

"அதெல்லாம் சரி பாய். நிஜமா, இல்லையா?"

"அவசரப்பட்டா எப்புடி. இந்த இரும்பப் பாருங்க. கல்லு பட்டுப் பட்டுக் கீறிக் கெடக்கணும். புதுப் பொண்ணு கன்னம் மாதிரி இருக்கு. திருகாணியப் பாருங்க. அந்தக் காலத்துல ஒண்ணு ஒண்ணா கையால அரம் போட்டு ராவுனது, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இது எல்லாம் ஒரே அச்சு, மிசினு வேலை. துரு பாருங்க, எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி. ஆசிட் ஊத்திப் பிடிக்க வச்ச துரு. நிஜமா சுட்டதுன்னா மருந்து எரியிற எடத்துலதான் அரிச்சிருக்கும்."

சின்னவர் சும்மா நிற்கவில்லை. "எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ராஜா குடுத்ததுங்க அது."

"குடுத்திருக்கலாம் தம்பி. அது இது இல்ல."

"பூணுல எழுத்து வெட்டியிருக்கே, பாக்கலியா?"

"வெட்டலியே. வெட்டுனா ஓரம் கையில உறுத்தும். இது வார்ப்புலயே வந்த எழுத்து, கரைஞ்ச சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கு. தடவிப் பாருங்க."

சின்னவர் தடவிப் பார்க்கவில்லை. "எல்லாம் உங்க வாய்ப்பேச்சு. எழுதிக் குடுக்குறதுக்கு இது போதாது" என்றார்.

பாய் அம்மாவிடம் கொஞ்சம் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் கேட்டார். அம்மாவே கொண்டுவந்து கொடுத்தாள். குதிரைக்குப் பக்கத்தில் இருந்த சந்தனப் பொருக்கை அவர் நனைத்து நனைத்துத் தேய்த்தார். மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்தது. எங்கள் தெரு முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. பாய் சொன்ன அந்த ஓட்டை இத்தனை வருஷத்துச் சந்தனத்துக்குள்ளே அடைபட்டுக் கிடக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

உள்ளே ஓட்டையே இல்லை. வழவழவென்று வெறும் இரும்பு.

பாய் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துக் குழலின் வாய்க்குள் விட்டார். ஒரு சாண் போனது. அதற்குமேல் போகாமல் வளைந்தது.

"குழலே அடைச்சதுதான். சுவத்துல மாட்டுறதுக்குன்னே செஞ்ச அலங்காரச் சாமான். இத வச்சு ஒரு காக்காயக்கூட வெரட்ட முடியாது."

ஏட்டையா சிரித்துவிட்டார். சின்னவர் காரியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். காரியக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியவரு மெட்ராசுலேருந்து வாங்கியாந்ததுங்க. ஒங்க அக்கா கல்யாணத்துக்கு. மான் கொம்பும் அதுவும் ஒரே பொட்டியில வந்துச்சு. நாந்தான் ரயிலடியிலேருந்து வண்டியில ஏத்தியாந்தேன்."

"அப்ப ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"ராசா குடுத்ததுன்னு பெரியவரு சொல்லியிருந்தாரு. நான் எப்புடி இல்லேங்கிறது?"

பிறகு அவர் அம்மாவைப் பார்த்து, சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சொன்னார்:

"வெடிக்காதுன்னு தெரிஞ்சுதானே தூக்கிட்டு வந்தேன். சும்மா வெரட்டத்தான். நீ வந்து புடிச்சு இழுப்பேன்னு கண்டனா."

ஏட்டையா ஜீப்பில் ஏறப்போகும்போது அம்மா கேட்டாள்.

"அப்ப அதை எடுத்து உள்ள வச்சிக்கலாங்களா?"

"அது அவங்க சாமானாச்சே" என்று ஏட்டையா சின்னவரைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சின்னவர் ஜீப்பில் ஏறினார்.

அப்பா மஞ்சள் பையிலிருந்து சேலையை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். போட்டுவிட்டு அந்தச் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை அதற்குள் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஊருக்குப் போகவில்லையா என்று நான் கேட்டதற்கு அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தோளில் வைக்கிற வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன்.

தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அழுகை. சத்துணவு வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருத்தி, "ஓட்ட இல்லாத துப்பாக்கி மவ வந்துட்டா, எல்லாரும் ஓடுங்கடி" என்றாள். இன்னொருத்தி, "இவ அம்மா அடுத்து பூச்சாண்டியப் புடுங்கப் போறாளாம்" என்றாள். நான் தட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா நாற்றுப் பறித்துவிட்டு வந்து வாய்க்கால் படியில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கத்தினேன். அதைத் தூக்கி ஆற்றில் போடு, அது வெறும் பொம்மை, எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றேன். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"சாப்டியா?"

"இல்ல. அது பொம்மைன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அம்மா மறு காலையும் தண்ணீரில் விட்டுச் சேற்றைத் தேய்த்தாள்.

"அன்னிக்கு வயலுக்குப் போறப்ப ஒன்ன அத்தை வீட்டுல விட்டுட்டுப் போனேன். எங்காதுத் தோட்டக் கழட்டி ஒன் அரணாக்கயித்துல முடிஞ்சு வச்சேன். எம்புள்ள முழிச்சா ஆட்டுப்பாலு குடு, நான் வரலேன்னா அவ அப்பா வர்ற வரைக்கும் வச்சிருன்னு அத்தைக்கிட்ட சொன்னேன். நீ தூங்கிக்கிட்டே சிரிச்ச."

அவ்வளவுதான் சொன்னாள். நான் கேட்டதற்கு அது பதில் என்று எனக்குத் தெரியவில்லை. வரப்பில் நின்று துப்பாக்கியை நீட்டியவருக்கு அது வெடிக்காது என்று தெரியும். எதிரே நடந்து போனவளுக்குத் தெரியாது. அவள் நடந்தது நிஜத் துப்பாக்கிக்கு எதிரேதான். இதெல்லாம் இப்போது, கையில் இந்தத் தோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோடு மட்டும்தான் காதில் விழுந்தது. என் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்த காலம் அது.

"இப்ப போட்டிருக்கியே, அந்தத் தோடா?"

"அதேதான்."

"எனக்கு எப்பம்மா தருவ?"

அம்மா சிரித்துக்கொண்டே, "தர்றப்போ தருவேன், வா சாப்பிடு" என்று எழுந்தாள். நான் விடாமல், எப்போது, எப்போது என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் போனேன்.