லண்டன் சாமான்களுக்கு நான் போட்ட பொய்ப் புள்ளிகள்

முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவள் நான். ஒரு பிள்ளைக்கும் சும்மா அரைப் புள்ளி போட்டதில்லை. தாய்மார் வீட்டுக்கு வந்து விறாந்தையில் நின்று கண்ணைக் கசக்கினாலும், தேத்தண்ணி கொடுத்து அனுப்புவேனே தவிர, புள்ளியைக் கூட்டமாட்டேன். அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற பிறகு, பெற்ற மகனுக்கு வருடக்கணக்காகப் பொய்ப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு இந்த வருடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். யாரைக் குறை சொல்ல? என்னைத்தான்.

மகன் லண்டனில் இருக்கிறான். நான் பண்டத்தரிப்பில் தனியாக இருக்கிறேன். என் கணவரின் முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு வந்து போனவன், பிறகு வரவில்லை. அதற்குப் பின் பிறந்த பேத்திக்கு இப்போது மூன்று வயது. அவளை நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் "அடுத்த நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வாறம் அம்மா" என்பான். ஆள் வராது. பெட்டி வரும்.

பெட்டி வந்த அன்றே போன் எடுப்பான். "எப்பிடியம்மா, சாமான் எப்பிடி?"

"சோக்கா இருக்கு ராசா."

வேறு என்ன சொல்ல? போனில் அவன் முகத்தைப் பார்த்தால் வேலை முடிந்து வந்த களைப்பு கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கும். எங்கள் ஊரில் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்தது உருகின சொக்கிலேற்றாக இருந்தாலும், இரண்டு பேர் நுழையக்கூடிய சட்டையாக இருந்தாலும், முதல் வார்த்தை "நல்லாயிருக்கு". பிறகு அது அலுமாரிக்குள் போய்விடும். ஆனால் என் மகன் அனுப்பியவை அலுமாரிக்குள் போகிற சாமான்கள் இல்லை. கரண்ட் குடித்துக்கொண்டு வீடு முழுக்கத் திரிகிறவை.

முதலில் வந்தது தானாக வீடு கூட்டுகிற வட்டச் சாமான். கம்பளம் விரித்த லண்டன் வீட்டுக்கென்று செய்யப்பட்டது. என் வீட்டில் காலடி வைத்தால் மணல். அந்த அரியண்டத்துக்கு நிலைப்படி தாண்டத் தெரியாது. அறைக்கு அறை நான்தான் தூக்கிக்கொண்டு போய் விடவேண்டும். பாயின் ஓரத்து நூலை இழுத்து விழுங்கும். அலுமாரிக்குக் கீழே போய் மாட்டிக்கொண்டு, தன்னைக் காப்பாற்றச் சொல்லி இங்கிலீசில் புலம்பும். நான் தரையில் குப்புறப் படுத்துத் தும்புத்தடியால் அதை இழுத்து எடுப்பேன். கோதாரி, அந்தத் தும்புத்தடியாலேயே நான் இரண்டு தரம் கூட்டி முடித்திருக்கலாமே! நூற்றுக்குப் பன்னிரண்டு. அதுவும், அதைக் கண்டு பயந்து பூனை குசினிப் பக்கம் வராமல் விட்டதற்காக.

மகனுக்குச் சொன்னது: "என்ரை இடுப்பு தப்பிச்சுது தம்பி."

உடனே கமரா வந்தது. விறாந்தைக் கூரை வளையில் பூட்டினார்கள். அது பார்ப்பது மட்டுமில்லை, கதைக்கவும் செய்யும். மீன்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு வந்து விறாந்தையடியில் நிறுத்தியிருந்தான். நான் ஒரு கிலோ சூடை மீன் நிறுக்கச் சொன்னேன். தலைக்கு மேலே திடீரென்று ஒரு ஆம்பிளைக் குரல்: "அம்மா, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே?"

மீன்காரனின் கையிலிருந்து தராசு விழுந்தது. மகனுடைய குரல் தகப்பனின் குரலை உரித்துவைத்தது.

"ரீச்சர்... ஐயாவோ கதைக்கிறார்?"

"ஐயாவும் இல்லை, பேயும் இல்லை. லண்டன். நீ நிறு."

பூனைக்குத்தான் வாங்கினேன் என்று கமராவைப் பார்த்துச் சொன்னேன். அந்த வெட்கக்கேட்டை என்னென்று சொல்ல! அன்றிலிருந்து மீன்காரன் படலையைத் தாண்டி உள்ளே வருவதில்லை. வீதியில் நின்று மோட்டார் சைக்கிள் கோன் அடிக்கிறான். நான்தான் வெயிலுக்குள் நடந்து போகவேண்டும். அந்தக் கமராவுக்கு அப்போது இருபது போட்டேன், கள்ளனுக்கும் அந்தப் பயம் வரும் என்ற நினைப்பில். பிறகு குறைத்தேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பொழுது போகவென்று படம் பார்க்கவும் காசு கட்டித் தந்தான். அதில் முதல் பார்த்த படத்தில் ஒருத்தி யாழ்ப்பாணத்துப் பெட்டையாம். வசனத்துக்கு ஒரு "ஓம்" போட்டால் யாழ்ப்பாணத் தமிழ் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். கிணற்றடியில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு தண்ணீர் அள்ளுகிறாள். எங்கள் கிணற்றடியில் நாங்கள் தலையில் துவாய் அல்லவோ கட்டியிருப்போம்! கதாநாயகன் கத்தியை எடுத்ததோடு நான் ரீவியை நிறுத்திவிட்டு முருங்கையிலை உருவப் போனேன். புள்ளி போடப் போதிய விடை இல்லை.

மின்சார ஸ்கூட்டர் மட்டும் இங்கேயே வாங்கியது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தை நினைத்து மகன் காசு அனுப்பினான். சத்தமே இல்லாத வண்டி. சத்தம் இல்லாததால் ஆடும் விலகாது, ஆட்களும் விலகமாட்டார்கள். இந்த வருடம் கட்டாயம் வருகிறோம் என்று மகன் சொன்ன சந்தோசத்தில், பேத்திக்கு ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கதிரை வாங்க அதில் மருதனார்மடம் போனேன். சிவப்புக் கதிரை, முதுகில் ஒரு முயல் படம். ஒரு பூசணிக்காயையும் வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பற்றரி மூன்று கோடு காட்டியது. அடுத்த நிமிடம் ஒன்றுமில்லை. மூன்றிலிருந்து பூச்சியத்துக்கு எப்படி வந்தாய், வழியைக் காட்டு என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு வருகிறேன். என்னிடம் படித்தவன் ஒருவன் எதிரே வந்து நிறுத்தினான்.

"ரீச்சர், பெற்றோல் முடிஞ்சுதோ?"

"இது பெற்றோல் இல்லாமல் ஓடுற வண்டி."

"அப்ப ஏன் தள்ளுறியள்?"

பத்தாம் வகுப்பிலும் இப்படித்தான் கேள்வி கேட்டு என் உயிரை வாங்கினவன். வாயை மூடிக்கொண்டு தள்ளடா என்றேன். பாவம், வீடுவரைக்கும் தள்ளினான். "இந்தக் குட்டிக் கதிரை ஆருக்கு ரீச்சர்?" என்று கேட்டான். "லண்டனிலையிருந்து பேத்தி வாறாள்" என்று சொன்னபோது எனக்கு அந்த வெயிலும் தெரியவில்லை. வண்டிக்கு முப்பத்து நாலு. முப்பத்தைந்து எடுத்தால்தான் சித்தி, அதாவது பாஸ்; அதற்கு ஒரு புள்ளி குறைவு, வேண்டுமென்றேதான். கதிரையை விறாந்தையில் என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மிஞ்சியது கைக்கடிகாரம். நான் விழுந்தால் அது லண்டனுக்கு அறிவிக்குமாம். நான் கிணற்றடிக் கல்லில் துணியை ஓங்கி அடித்துத் துவைக்கிறவள். முதல் அடியிலேயே நான் விழுந்துவிட்டேன் என்று அது முடிவு கட்டிவிட்டது. மகன் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் எடுத்திருக்கிறான். அவர் வேலியிலிருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, "ஐயோ, ரீச்சர் விழுந்திட்டா!" என்று குளறிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் அரை ஊர். நான் கையில் ஈரப் பாவாடையோடு நிற்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மகன் சொல்லித் தந்தான். கடிகாரம் அதிர்ந்து, விழுந்துவிட்டீர்களா என்று கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் "நான் நலம்" என்ற பொத்தானை அமத்தவேண்டும். ஈர விரலை அது ஏற்காது. ஆகவே ஒவ்வொரு துணிக்கும் கையைத் துடைத்து, நான் நலம். அடுத்த துணி. கையைத் துடைத்து, நான் நலம். விசர் பிடிக்காத குறை. இதற்கும் "சோக்கான சாமான்" என்றுதான் சொன்னேன்.

ஆடி மாதம் மகன் போன் எடுத்தான். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"அம்மா, இந்த முறையும் வரேலாமல் கிடக்கு. லீவு கரைச்சல். உங்களைக் கமராவிலை ஒவ்வொரு நாளும் பாக்கிறம்தானே. எல்லாம் சோக்கா இருக்கெண்டு நீங்களும் சொல்லுறியள். பிளேன் ரிக்கற் காசுக்கு உங்கடை அறைக்கு ஒரு ஏசி பூட்டுவம், என்ன?"

"ஓம் ராசா. நல்லது" என்றது என் வாய். பழகின வாய். போனை வைத்துவிட்டு என் வாயிலேயே இரண்டு போடவேண்டும் போலிருந்தது. இவ்வளவு நாளும் நான் போட்ட புள்ளிகளைத்தான் அவன் கூட்டிப் பார்த்திருக்கிறான். அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்கு நாங்கள் தேவையில்லை. கூட்டல் சரி. கொடுத்த எண்கள்தான் எல்லாம் பொய். அன்று முழுக்க அழுகையும் ஆத்திரமுமாகத் திரிந்தேன். அந்த வட்டச் சாமான் காலில் வந்து முட்டியபோது ஒரு உதை விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், அவர்கள் வந்தால் படுக்கவென்று எடுத்து வைத்த விரிப்புகளைத் துவைக்கப் போனேன். வராதவர்களுக்கு எதற்குத் துவைக்கிறேன் என்ற கோபத்தில் முதல் அடியே பலமாக விழுந்தது. கடிகாரம் அதிர்ந்தது. விழுந்துவிட்டீர்களா?

கையைத் துடைத்தேன். விரல் பொத்தானுக்கு மேலே போனது. நான் நலம். அதை அமத்த எனக்கு மனம் வரவில்லை. நேரம் குறைந்து குறைந்து பூச்சியமாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது.

"அம்மா! விழுந்திட்டியளோ?"

"இல்லை. துவைச்சனான்."

"அப்ப ஏனம்மா நான் நலம் எண்டதை அமத்தேல்லை? எனக்கு உயிர் போயிட்டுது!"

"நலமில்லை. அதாலை அமத்தேல்லை."

நான் விடவில்லை. வட்டச் சாமானுக்குப் பன்னிரண்டு, வண்டிக்கு முப்பத்து நாலு, படத்துக்கு ஒன்றுமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கமராவுக்கு?" என்று கேட்டான்.

"கமராவுக்கு ரெண்டு. நான் வெள்ளிக்கிழமை மீன் வாங்கினதைக் கண்டது. ரெண்டு மாதமா என்ரை கதிரைக்குப் பக்கத்திலை கிடக்கிற சிவப்புக் குட்டிக் கதிரையைக் காணேல்லை."

"எந்தக் கதிரை?"

கமராவைத் திறந்து பார்த்திருக்கவேண்டும். அவன் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. பின்னால் சின்னக் குரல் ஒன்று, "அப்பா, அது என்ரை கதிரையோ?" என்று கேட்டது.

"அம்மா... திங்கக்கிழமை லீவு கேட்டுப் பாக்கிறன்."

"பாக்கிறன் எண்ட கதை எனக்குத் தெரியும். போன வருசமும் பாத்தனீ. விடையைக் கொண்டு வா, புள்ளி போடுறன். ஏசி வேண்டாம்."

போனை வைத்துவிட்டு மற்ற விரிப்பை எடுத்துக் கல்லில் ஓங்கி அடித்தேன். கடிகாரம் திரும்பவும் அதிர்ந்தது. இந்த முறை நான் கையைத் துடைக்கவே இல்லை.