நேசராணியின் வீட்டுக் குசினி

நேசராணி என்ற பெயரைச் சிவசக்தி முதன்முதலாகக் கேட்டது பெரட்டுக் களத்தில். விடிந்தும் விடியாத நேரம். நமுனுகுல மலையிலிருந்து முகில் இறங்கி, பக்கத்தில் நிற்பவள் முகம்கூடத் தெரியவில்லை. அன்றைக்கு வேலைக்குப் பேர் கூப்பிட்டவர் அழகர் கங்காணி. சிவசக்தியின் அம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி, அவளுக்குத் தாய்மாமன். வழக்கமான பேர்களெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில், "நேசராணி" என்றார். பதில் இல்லை.

"ராணியம்மா இன்னும் பல்லக்க விட்டு எறங்கலையா?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் ஒடுங்கி நின்ற ஒருத்தி, "இருக்கேங்க" என்றாள்.

"சிவசக்தி, இவள ஒன் பக்கத்து நெரையில போட்டுக்க. கொழுந்து எது, முத்தல் எதுன்னு காட்டு. அரண்மனையில சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க."

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள் அவள். கிறிஸ்து வேதக்காரக் குடும்பம். தாய் செத்து, தகப்பன் சவரிமுத்து இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். சின்னம்மாவோடு ஒத்துப்போகாமல் அத்தை வீட்டில் வந்து ஒண்டினாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில், அத்தை வீட்டுக் காம்பராவுக்கும் சிவசக்தி வீட்டுக் காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ராத்திரி சிவசக்தி இருமினால் நேசராணி சுவரில் தட்டி, "சுடுதண்ணி குடி டீ" என்பாள். நேசராணியின் கை கொழுந்துக்குப் பழகும்வரை, நிறுவைக்குப் போகும் வழியில் சிவசக்தி தன் கூடையிலிருந்து அள்ளி அவள் கூடையில் போடுவாள். மழைநாளில் இருவரும் ஒரே விளக்கடியில் உட்கார்ந்து தலையணை உறையில் பூத்தையல் போடப் பழகினார்கள். சிவசக்தி எப்போதும் ஐந்தாவது இதழைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிடுவாள். "ஒன் பூவுக்கு ஒரு காது வீங்கிருச்சு" என்று நேசராணி கேலி செய்வாள்.

நேசராணிக்கும் மாணிக்கராஜுக்கும் லயத்து வாசலில் பந்தல் போட்டுத்தான் கல்யாணம் நடந்தது. முதல் நாள் மத்தியானமே சிவசக்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சோற்றுப்பானையை வேறு ஒருத்தியையும் தொடவிடவில்லை. லயத்தில் அப்படித்தான். பந்தலில் உட்காருகிறவர்கள் விருந்தாளிகள். அடுப்படிக்குப் போகிறவர்கள் சொந்தக்காரர்கள்.

மாணிக்கராஜ் கெட்டிக்காரன். அப்புத்தளையில் மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றப் போனவன், பிறகு லொறிக்குச் சொந்தக்காரன் ஆனான். பிறகு பதுளை டவுனில் இரும்பு, சீமெந்து விற்கும் கடை போட்டான். சாமான் விலையெல்லாம் தாறுமாறாக ஏறின அந்த வருசம், கடையில் அடுக்கியிருந்ததெல்லாம் அடுக்கினபடியே இரட்டை விலைக்குப் போயிற்று. அதே வருசம் லயத்தில் ரொட்டிக்கு மாவு வாங்க வழியில்லாமல் மரவள்ளியை அவித்துத் தின்றார்கள். பசறை ரோட்டு மேட்டில் நேசராணிக்கு மாடிவீடு எழும்பியது. நத்தார்ப் பண்டிகைக்குக் கேக்கோடு நேரில் வந்தவள், பிறகு கேக்கை ஆள்வசம் அனுப்பினாள். பிறகு ஃபோனில் பேசினாள். பிறகு அதுவும் இல்லை.

"அவளுக்கு வேலை ஜாஸ்தி" என்று யார் கேட்டாலும் சிவசக்தி சொல்வாள்.

போன வருசம் மாணிக்கராஜ் தோட்டத்துக்குச் சீமெந்து இறக்க வந்தபோது, லயத்தில் நுழைந்து கல்யாணக் கார்டைக் கையில் கொடுத்தார்.

"மூத்தவ ஜெசிந்தினிக்குக் கல்யாணம், தங்கச்சி. நீ இல்லாம எப்பிடி?"

"ராணி குடுத்து விட்டாளாண்ணே?"

"நான் குடுத்தா என்ன, அவ குடுத்தா என்ன?" என்று சிரித்தார்.

சிவசக்தி ஒரு ஜோடித் தலையணை உறை வாங்கி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பூப்போட்டாள். கண் முன்னைப்போல் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் ரமேஸ் அனுப்பிய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு முதல் நாளே பஸ் ஏறினாள். கூடப்பிறந்தவள் மாதிரி என்றால் முதல் நாளே போகத்தானே வேண்டும்?

மாடிவீட்டு வாசலில் கார்கள் நின்றன. உள்ளே மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பழகின கால் நேரே வீட்டைச் சுற்றிக் குசினிப் பக்கம் போயிற்று.

"வாங்கக்கா, ஏன் இவ்வளவு லேட்டு? வெங்காயம் அந்தா இருக்கு" என்றாள் சமையல்காரருடன் வந்திருந்த பெண்.

சிவசக்தி பார்சலை ஜன்னல் கட்டையில் வைத்தாள். நீலச் சேலையைத் தூக்கிச் செருகினாள். சந்தோசமாகத்தான் உட்கார்ந்தாள். ராணி எட்டிப் பார்த்து, "எப்ப டீ வந்த, களவாணி?" என்று கத்துவாள் என்று நினைத்துக்கொண்டே உரித்தாள்.

ராணி வந்தாள். கூடவே சம்பந்தி அம்மா. வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தவள், வெங்காயக் கூடைக்கு முன்னால் இருந்தவளைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஆளுங்க நல்லா வேலை செய்றாங்களே, எங்க புடிச்சீங்க?" என்றார் சம்பந்தி அம்மா. "எங்களுக்கு ஒருத்தரும் கெடைக்கிறதில்ல."

நேசராணி வளையலைத் திருகினாள்.

"தோட்டத்துப் பக்கம் இருந்து வந்தவங்க. சமையல்காரரு கூட்டிட்டு வந்தாரு." பிறகு, குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்து, "கொஞ்சம் பொடிசா வெட்டுங்க" என்றாள்.

"சரிங்க" என்றாள் சிவசக்தி.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியடிக்கு நேசராணி தனியாக ஓடிவந்தாள்.

"ஏன் டீ இந்தப் பக்கமா வந்த?"

"ஒன் கல்யாணத்துக்கும் நான் அடுப்படிக்குத்தானே போனேன்."

"அது லயம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எங்கப்பா டவுன்ல கிளாக்கரா இருந்தாருன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கோம். நான் கொழுந்து எடுத்தவன்னு தெரிஞ்சா அந்தம்மா இந்த நிமிசமே எழும்பிப் போயிரும். எம்புள்ள வாழ்க்கை டீ."

"முன்வாசலால வந்திருந்தா, என்னைய யாருன்னு சொல்லியிருப்ப?"

நேசராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"நாளைக்குக் கோயிலுக்கு வருவியா?"

வரச்சொல்லிக் கேட்டாளா, வந்துவிடாதே என்று கேட்டாளா, சிவசக்திக்குப் பிடிபடவில்லை.

"பெரட்டுக்குப் போகணும் ராணி. பேர் போட்டுட்டாங்க."

"நான் ஒருநாள் லயத்துக்கு வர்றேன். வந்து ஒக்காந்து எல்லாத்தையும் பேசுறேன்."

"வா."

சிவசக்தி குசினிக்குத் திரும்பி மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்தாள். பொடிசாகத்தான் வெட்டினாள். பார்சலைச் சமையல்காரப் பெண்ணிடம் கொடுத்து, "கல்யாணப் பொண்ணுக்கிட்ட சேத்துருங்க" என்றாள்.

"யாரு குடுத்ததுன்னு சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

லயத்துக்கு வந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். முதல் நாள் விருந்திலேயே மொத பந்தியில் உட்கார வைத்தார்கள், ராணி கையாலேயே பரிமாறினாள், பெரட்டுக்குப் பேர் போட்டதால்தான் திரும்பி வந்தேன் என்று சொன்னாள். படுக்கையில் கிடந்த அழகர் மாமாகூடத் தலையைத் தூக்கி, "ராணி எப்பிடி இருக்கா?" என்று கேட்டார்.

"ராணியாட்டமே இருக்கா மாமா."

அதற்குப் பிறகு சிவசக்தி பூப்போட்ட கோப்பை இரண்டைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். லயத்துப் பாதையில் வேன் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து பார்ப்பாள். நேசராணி வரவில்லை. ஜெசிந்தினிக்குப் பிள்ளை பிறந்த செய்தியும் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

இந்தப் பங்குனியில் அழகர் மாமா செத்துப்போனார். நேசராணிக்கும் சொல்லியனுப்பினார்கள். மாணிக்கராஜ் மட்டும் மலர்வளையத்தோடு வந்தார்.

"அவளுக்கு முழங்கால் வலி, தங்கச்சி. ஏற்றம் ஏற மாட்டா."

சிவசக்தி கவிழ்த்து வைத்திருந்ததில் ஒரு கோப்பையை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏதாவது சொல்லி விட்டாளாண்ணே?"

"ஒண்ணும் சொல்லல." கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தத் தலகாணி உறையைப் புள்ளைக்குக் குடுக்கல தங்கச்சி. தானே எடுத்து அலுமாரியில வச்சிருக்கா. காது வீங்கின பூன்னு என்னமோ சொன்னா. எனக்கு வெளங்கல."

சிவசக்தி செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றத் திரும்பவும் அடுப்படிக்குப் போனாள்.

நேசராணி இப்போது பதுளையில், பசறை ரோட்டு மேட்டில், அந்த மாடிவீட்டில்தான் இருக்கிறாள்.