மூன்றாவது கப்போர்டைப் பிடித்தது யார்?

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் தண்டையார்பேட்டைக்கு வாருங்கள், ஜெயவேலையே காட்டுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் சமையலறையில் கப்போர்டு மாட்டித் தோள்பட்டை தேய்ந்துபோன மனிதர். பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பு கிடையாது.

அன்று கூட்டாளி பீம்ராவ் காய்ச்சல் என்று வரவில்லை. ஜெயவேல் தனியாகத்தான் போனார். கல்மண்டபத்தில் பழைய வீடு, இரண்டாவது மாடி. புதிதாக வாங்கியிருந்த சுஜா சாவியைக் கொடுத்தார்.

"நாளைக்கு விடியக்காலம் பால் காய்ச்சணும்ணே. இன்னைக்கே மூணும் ஏறணும்."

சுவரோ மகா மோசம். நடுவில் வயிறு தள்ளி, ஓரத்தில் இரண்டு விரல் உள்வாங்கியிருந்தது. அந்த இடைவெளியில் பிளைவுட் துண்டு சொருகித்தான் ஸ்க்ரூ முடுக்க வேண்டும். முதல் இரண்டும் சின்னவை. எப்படியோ முட்டுக் கொடுத்து ஏற்றிவிட்டார்.

மதியம் 2.10. மூன்றாவது பெரியது. சமையல் மேடைமேல் ஏறி, தலையாலும் தோளாலும் தாங்கினார். அசதியில், பீம்ராவிடம் தினமும் சொல்வதையே வாய் சொல்லிவிட்டது.

"மாமு, அந்தாண்ட புடி."

பாரம் குறைந்தது.

"இன்னும் கொஞ்சம் தூக்கு."

தூக்கியது...

துளை போட்டார். டர்ர்ர்... இடது பக்கம் துண்டு சொருகக் கை நீட்டினார். அங்கே ஏற்கெனவே துண்டு இருந்தது. சரியாக இரண்டு விரல் கனம்.

அவர் வைக்கவில்லை.

நாலு ஸ்க்ரூவும் ஏறின. மணி 2.25. அப்போதுதான் உறைத்தது.

பீம்ராவுக்குக் காய்ச்சல்.

எட்டிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

கப்போர்டின் பக்கவாட்டில் ஐந்து விரல் பதிந்த ஈரம். பார்க்கப் பார்க்க... பரவியது.

ட்ரில்லைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டார்.

மறுநாள் காலை 5.40. சுஜாவின் போன்.

"அண்ணே, பெரிய கப்போர்டு ஸ்க்ரூ நாலும் கீழே கெடக்கு. ஆனா கப்போர்டு அப்படியே நிக்குது... அதுக்குக் கீழதான் பால் வச்சிருக்கோம்."

"அடுப்ப அணைங்க! புள்ளைங்கள கூட்டிகினு வெளிய வாங்க!"

அடுத்து பீம்ராவுக்குப் போட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"கல்மண்டபம்னு நீ சொன்னப்பவே எனக்குக் காய்ச்சல் வந்திச்சு மாமு. மூணு வருசம் முன்ன அதே வீட்ல கப்போர்டு மாட்டுனது நானும், அப்போ என் கூட்டாளியா இருந்த லூர்தும். அவன புடிச்சிகினு இருக்கச் சொல்லிட்டு ஸ்க்ரூ வாங்கப் பூட்டேன். கன்டெய்னர் லாரில ரோடே ஜாம். வந்து பாத்தா... நெஞ்சடச்சி செத்துக் கெடந்தான். நான் அவன வுடுன்னு சொல்லவே இல்ல."

ஸ்க்ரூ முடுக்குபவர் 'வுடு' என்று சொல்லும்வரை, பிடிப்பவர் கை எடுக்கமாட்டார். இந்தத் தொழிலில் அதுதான் முறை. நேற்று ஜெயவேலும் அதைச் சொல்லாமல்தான் ஓடிவந்திருந்தார்.

6.15. சுஜா வீட்டுச் சமையலறை வாசலில் நின்றார். பயம்தான். ஆனால் அந்தத் தோள்வலி அவருக்குத் தெரியும். பாவமாக இருந்தது.

"போதும் லூர்து. வுடு நைனா."

கப்போர்டு விழவில்லை.

மெதுவாக... மெதுவாக இறங்கி, சத்தமில்லாமல் மேடைமேல் உட்கார்ந்தது.