பேசும் பொத்தான்

இரண்டாவது குத்தில் மச்சினனின் முன்பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஊரில் கட்டை என்று அழைக்கப்பட்டவன் நிறுத்தவில்லை. மனைவியின் தம்பி என்ற நினைப்பெல்லாம் எங்கோ போயிருந்தது. காலரைப் பிடித்துக் கண்ணாடி மேசைமேல் சாய்த்தான். கண்ணாடி நொறுங்கி, உள்ளே அடுக்கியிருந்த வயர்லெஸ்களின் மேல் கொட்டியது.

"வெளிய போய் அடிச்சுக்கங்கய்யா. சாமான் வாங்க வந்தீங்களா, சாவடிக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். கிட்டே மட்டும் வரவில்லை.

சற்று முன்வரை சுமுகமாகத்தான் இருந்தது. இருவரும் சேர்ந்து வாங்கிய சின்னப் படகுக்கு வயர்லெஸ் பார்க்க வந்திருந்தார்கள். கட்டைக்குக் கையடக்கமானது வேண்டும். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வேண்டும். மச்சினனுக்குப் படகில் திருகி வைக்கிற பெரிய பெட்டி.

"அத்தான், இதுல பேசினா கடலுக்கே கேக்கும். உங்க பொம்மைய வெச்சு அக்காவ உலை வைக்கச் சொல்லலாம், அவ்வளவுதான்."

"படகு கவுந்தா உன் பெட்டிதான்டா மொதல்ல முங்கும்."

"கவுக்கவா படகு வாங்கினோம்?"

கட்டைகூடச் சிரித்தான். குள்ளமும் அகலமுமாக இருந்ததால் வந்த பெயர். எதற்கும் முகம் மாறாததால் நிலைத்தது. அப்பா போனபின் எஞ்சின் பட்டறையில் சேர்ந்து தம்பியை வளர்த்தவன். அந்தத் தம்பி போன வருடக் காற்றில் கடலோடு போய்விட்டான். அன்று கட்டை கரையில், ஐஸ் ஆலையின் வயர்லெஸ் முன் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, தண்ணி ஏறுது..."

அதோடு சரி. அதை அமுக்கிக்கொண்டு வயர்லெஸில் யாருடைய எஞ்சினோ உறுமியது. நடுநடுவே எவனோ வலையைத் திட்டினான். இரைச்சலில் அது யார் குரல் என்று பிடிபடவில்லை. ஒருவன் பேசும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் வேறு யார் பேசுவதும் கேட்காது. எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று கட்டை தொண்டை கிழியக் கேட்டதும் போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அன்று கடலுக்குப் போயிருந்த ஒவ்வொருவனையும் பிடித்து விசாரித்தான். நான் இல்லை என்றார்கள். தன் பழைய படகில் அன்று போயிருந்த மச்சினனும் கூடவே வந்து மற்றவர்களை அதட்டி விசாரித்தான்.

கடையில் மச்சினன் பெரிய பெட்டியின் மைக்கை எடுத்தான். மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிப் பொத்தான்மேல் இறுக்கி மாட்டினான்.

"இப்படி மாட்டிட்டா ரெண்டு கையும் வலைக்கு, வாய் மட்டும் பேச்சுக்கு. நான் எப்பவுமே..."

பேச்சு நின்றது. கட்டையின் முகத்தைப் பார்த்தான். முதல் குத்து அப்போது விழுந்தது.

"அன்னைக்குக் கழட்ட மறந்துட்டேன் அத்தான்." தரையில் கிடந்தபடி சொன்னான். ரத்தத்தில் வார்த்தை குழறியது. "கரைக்கு வந்துதான் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?"

"அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தானே என் வீட்ல தின்னே? எங்கூட ஊரெல்லாம் விசாரிச்சே?"

கட்டை பெரிய பெட்டியைத் தலைக்குமேல் தூக்கினான். மச்சினன் நகரவில்லை. தடுக்கவுமில்லை. தரையில் விரிந்திருந்த வலது கையின் மேல் பெட்டி இறங்கியது. எலும்பு முறிந்தது கடைக்காரருக்கும் கேட்டது. கட்டை மறுபடி தூக்கினான். பெட்டியைச் சுவரில் எறிந்துவிட்டு வெளியே போனான்.

மறுநாள் மச்சினனுக்குக் கையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். படியில் விழுந்ததாக மருத்துவரிடம் சொன்னான். கட்டை, கடை மேசைக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டு போய்த் தானே பொருத்தினான். கையடக்க வயர்லெஸ் ஒன்று வாங்கினான். பொத்தான் அழுந்தியே இருந்தால் தானாகப் பேச்சைத் துண்டித்துவிடும் வகை. எதற்காக அடித்தாய் என்று மனைவி கேட்டாள். எந்தப் பெட்டி எடுப்பது என்பதில் தகராறு என்றான். அவள் தம்பிக்குச் சோறு எடுத்துப் போனாள். வலை இரண்டு பேர் இழுக்கிற வலை. பாதியைக் கரையிலேயே வைத்துவிட்டு, கட்டை மதியம் தனியாகக் கடலுக்குப் போனான். சுமாராக மீன் கிடைத்தது.