பித்தளைத் தகட்டில் இல்லாத பெயர்

பழைய பெற்றோல் பம்புகளைச் சேர்க்கும் எனக்குப் பைத்தியம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் அத்தனை குடும்பங்களும் தனித்தனியாக வந்து, "உதுக்குள்ள பெற்றோல் இருக்கோ?" என்று கேட்டிருக்கத் தேவையில்லை. பெற்றோலுக்காக ஊரே வரிசையில் கிடந்த அந்த வருடம் கீழ்மாடிக்காரர் ஒருவர் வெறும் போத்தலோடு வந்து கதவைத் தட்டினார். இந்தப் பம்பின் கைப்பிடியைக் கடைசியாகச் சுற்றியபோது நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இன்றைக்கும் லிஃப்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வீட்டுக்குள் நிலைமை இதைவிட மோசம். பல்கனியில் இரண்டு பம்புகள் நிற்கின்றன. இரண்டிலும் குழாய் மாட்டும் கொக்கியில் என் மனைவி துவாய் காயப்போடுகிறார். "இஞ்சாருங்கோ, உதாலை இந்த ஒரு பிரயோசனமாவது இருக்கட்டும்" என்கிறார்.

விற்கிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். கிராண்ட்பாஸ் பழைய இரும்புக் கடையில் எதைத் தொட்டாலும், "மஹத்தயா, சுத்தங்கே காலே எகக்" என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சாமானாம். ஒருமுறை அப்படிக் காட்டியது தண்ணீர் மோட்டார். படித்தவர்களும் இதற்குக் குறைந்தவர்களில்லை. நான் இருக்கும் இணையக் குழுவில் ஒரு படத்தைப் போட்டு, வாயில் வந்த கம்பெனியின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அடிப்பாகத்தின் ஆணித்துளைகளை அளந்தீர்களா, மேலே இருக்கும் கண்ணாடி உருளையை எத்தனை கம்பிகள் பிடித்திருக்கின்றன என்று எண்ணினீர்களா என்று கேட்டால் இன்னொரு கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களைத் திட்டித் திட்டியே அந்தக் குழுவில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பெயர் தெரியாத பம்ப் வெறும் இரும்பு. பிழையான பெயர் வைத்த பம்ப் பொய். இதை நான்தான் அங்கே எழுதினேன்.

மூன்றாவது பம்பைக் கொட்டாஞ்சேனையில் ஒரு லேத் பட்டறையின் மூலையில் கண்டேன். ஆளுயரம், கையால் சுற்றுவது, உச்சியில் கண்ணாடி உருளை உடையாமல் அப்படியே. பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டறைக்காரர் எழுபதை நெருங்கியவர். விலை கேட்டேன்.

"காசெல்லாம் வேணாம் சார்" என்றார். "அப்பா இளவட்டமா இருக்கப்ப பெற்றோல் அடிக்கிற செட்டுல இதத்தான் சுத்துனாரு. கரண்டு பம்பு வந்ததும் தூக்கி வீசப்போனாங்க. கேட்டு வாங்கி, கைவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாரு. இது யாரு செஞ்ச மிசினுன்னு எத்தன பேருகிட்ட கேட்டிருப்பாரு தெரியுமா? பம்பு, பம்புன்னாங்களே தவிர ஒருத்தரும் பேரு சொல்லல. கேட்டுக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு. நீங்க பேரச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க சார்."

இதைவிட நியாயமான நிபந்தனையை எவரும் எனக்கு விதித்ததில்லை. அளந்தேன், எண்ணினேன், படமெடுத்தேன். இரண்டு கம்பெனிகளில் ஒன்று என்பது வரைக்கும் வந்துவிட்டேன். ஒரு கம்பெனி செய்ததைப் பார்த்து மற்றது அப்படியே செய்திருந்தது. பெயர்த் தகடு கிடைத்தால்தான் முடிவு. ஆனால் அந்தப் பம்பைப் பட்டறையின் மற்ற மெஷின்களோடு சேர்த்து வருடம் தவறாமல் ஆயுத பூசைக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் சிவப்பு, ஒரு வருடம் வெள்ளி. விரலால் தடவிக்கொண்டு போனபோது, பம்பின் வயிற்றில் இருக்கும் கதவுக்கு மேலே நாலு மூலையிலும் ஆணி அறைந்த ஒரு சின்னச் சதுரம் தட்டுப்பட்டது. பெயின்டுக்கு அடியில் தகடு இருந்தது! பட்டறைக்காரரும் தடவிப் பார்த்துவிட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெயின்டைக் கரைக்கும் மருந்தோடு சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன். வந்திருக்கலாம். அன்றைக்கென்று பார்த்து வத்தளையில் மச்சாளின் புது வீட்டுக் குடிபூரல். போகாவிட்டால் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். பட்டறைக்குப் போன் பண்ணினேன்.

"அண்ணை, வர ஒரு கிழமை பிந்தும். அதுக்குள்ள அந்தத் தகட்டை நல்லாக் கிளீன் பண்ணி வையுங்கோ. வந்த உடனை வாசிக்கலாம்."

எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து வைக்கச் சொன்னதாகத்தான் என் நினைப்பு. அடுத்த சனிக்கிழமைதான் ஆயுத பூசை என்பதும், அதற்கு முதல் நாள் ஒரு லேத் பட்டறையில் கிளீன் பண்ணுவது என்றால் என்ன என்பதும் என் மண்டைக்கு ஏறவில்லை.

நான் போனபோது பம்புக்கு மாலை போட்டிருந்தது. கதவுக்கு மேலே பித்தளைத் தகடு கண்ணாடியாய் மின்னியது, நடுவில் ஒரு சந்தனப் பொட்டு. கிரைண்டரில் கம்பி பிரஷ் பூட்டிப் பெயின்டை எடுத்து, பிறகு சாண்ட் பேப்பர் போட்டு, கடைசியில் பொலிஷ் பண்ணியிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தகட்டில் எழுத்து நகத்தின் தடிப்புக்கும் ஆழமில்லை. பொட்டைத் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

கத்தவேண்டும் போலிருந்தது. யார் மேல் கத்துவது? சொன்னது நான். "நானே என் கையால பண்ணுனேன் சார், வேற யாரையும் தொட விடல" என்றார் பட்டறைக்காரர். பூசைக்கு உடுத்த வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"பேரு தெரிஞ்சிச்சா சார்?"

இரண்டில் ஒன்றைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று இன்று வரைக்கும் எனக்கு நானே விதம்விதமாகச் சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். அவருடைய முகத்துக்காக என்பது ஒன்று. பம்ப் வேண்டும் என்பதுதான் உண்மை. அவர் அந்தப் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். உடனே வீட்டுக்குப் போன் பண்ணி, அப்பாவின் மிசினுக்குப் பேர் கிடைத்துவிட்டது என்றார். லொறி பிடித்து, பழைய மெத்தையில் படுக்கவைத்து, வெள்ளவத்தை வரைக்கும் தானே கூட வந்து இறக்கிக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் அவருக்குத் தேநீர் கொடுத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். இணையக் குழுவில் யாரோ ஒருவர் அந்த இரண்டு கம்பெனிகளின் பழைய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார். ஒருவன் பம்புக் கதவு திறந்து மூடும் பிணைச்சலை உள்ளே வைத்தான், மற்றவன் வெளியே வைத்தான் என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. பல்கனிக்குப் போய், ஈரத் துவாயை விலக்கிவிட்டுப் பார்த்தேன். பிணைச்சல் உள்ளே இருந்தது. நான் சொன்னது மற்றவனின் பெயர்.

போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். போன கிழமை அவரே போன் எடுத்தார்.

"சார், அப்பாவோட திவசம் வருது. பேப்பர்ல நினைவஞ்சலி போடுறோம். அப்பா எந்த மிசின்ல வேல செஞ்சாருன்னு அதுல போடணும்னு ஆச. அந்தக் கம்பெனி பேர எழுத்தெழுத்தா சொல்லுங்க சார், தப்பாயிரக் கூடாது."

சொல்ல வேண்டிய பெயர் இப்போது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும். அவர் பேனையோடு காத்துக்கொண்டிருந்தார். மனைவி துவாயை எடுக்க வந்து, யார் என்று கையால் கேட்டார்.

அன்றைக்குச் சொன்ன அந்தப் பழைய பெயரையே எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதி முடித்து, ஒருமுறை திருப்பி வாசித்துக் காட்டினார். ஒரு எழுத்தும் பிழையில்லை என்றேன்.