பன்றிக்கறி நாளில் வெடிக்காத துப்பாக்கி

லுவெல்லா ஹெக்மனின் துப்பாக்கி அவள் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நாற்பது முறை சுட்டால் நாற்பது முறையும் வெடிக்கும். புத்தாண்டு அன்று, ஊரே கூடி நின்று பார்க்கும்போது மட்டும் வெடிக்காது. ஒரு வருடம் என்றால் கெட்ட நேரம் என்று விட்டுவிடலாம். இரண்டு வருடம் தொடர்ந்து அப்படியே நடந்தால் எங்கள் துப்பாக்கிச் சங்கத்து ஆட்கள் சும்மா விடுவார்களா? அந்தத் துப்பாக்கிக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். சங்கக் கொட்டகைச் சுவரில், மலைக்கு அந்தப் பக்கத்துச் சங்கத்தோடு நடக்கும் புத்தாண்டுப் போட்டியில் சுடும் ஐந்து பேரின் பெயர்ப்பலகை தொங்கும். அதில் லுவெல்லாவின் பெயருக்குப் பக்கத்தில் எங்களில் ஒருவனான எல்வுட் சாக்பீஸால் பெரிதாக அதை எழுதியும் வைத்துவிட்டான்.

எல்வுட்டுக்கு வாய் மட்டும்தான் நீளம், குறி எப்போதும் சுமார்தான். ஆனாலும் அந்த எழுத்து லுவெல்லாவைச் சுட்டது.

ஐம்பத்து நான்கு வயது அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறாள். அதற்கு முன்னால் பதினோரு வருடம் கதவுக் கீல் செய்யும் தொழிற்சாலையில் அரம் பிடித்தவள். தொழிற்சாலை மூடிய பிறகு கையில் கரண்டி வந்ததே தவிர, அரம் பிடித்த கை அரத்தை மறக்கவில்லை. நான்கு பனிக்காலம் உட்கார்ந்து இந்தத் துப்பாக்கியைச் செய்தாள். குழாயை மட்டும் விலைக்கு வாங்கினாள். மேப்பிள் கட்டையைச் செதுக்கியது, பித்தளையை வளைத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பூட்டைச் செய்தது, எல்லாம் அவளேதான்.

பூட்டு என்றால் துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் தீ மூட்டும் பொறி. விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தி பாயும். அதன் வாய் கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சுரண்டும். தீப்பொறி கீழே கிண்ணியில் இருக்கும் வெடிமருந்தில் விழும். அந்தத் தீ ஊசித்துளை வழியாக உள்ளே போனால் குண்டு வெளியே போகும். சொல்லத்தான் இவ்வளவு நேரம், நடப்பதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். அதில் எந்த இடத்தில் இடறினாலும் 'டக்' என்ற சத்தத்தோடு சரி.

பூட்டிலும் அவளுக்கு உயிர் அந்த எஃகுத் தகடுதான். எலும்புக்கரியும் தோல்கரியும் போட்டு இரும்புப் பெட்டியில் அடைத்து, வாசலில் உலை மூட்டிப் பழுக்கவைத்து, தண்ணீரில் முக்கினாள். முதல் மூன்று தகடுகள் விரிசல் விட்டன. நான்காவது நின்றது. அதில் கல்லை உரசினால் பொறி மழையாகக் கொட்டும். ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் வலது கட்டைவிரலால் அதன் முகத்தை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் குதிரையைப் பின்னுக்கு இழுப்பாள், கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவுவது போல.

டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் சங்கத் தலைவர் மெர்வின் டைட்ரிக் அவள் வீட்டுக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லவேண்டியிருந்தால் முதலில் காபியை முழுசாகக் குடித்து முடிப்பார். அன்று இரண்டு கோப்பை குடித்தார்.

"ஏம்மா லுவெல்லா, தப்பா எடுத்துக்காதே. கடைப் பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன். உன் துப்பாக்கில கச்சிதமா உக்காரும்."

"எதுக்கு? என் பூட்டுக்கு என்ன?"

"என்னவா? ரெண்டு வருஷமா ஒரு குண்டுல தோத்திருக்கோம். அந்த ஒரு குண்டு யாரோடதுன்னு மலைக்கு அந்தப் பக்கத்துல பச்சப்புள்ளகூடச் சொல்லும். இதை மாட்டிக்கோ. இல்லேன்னா உனக்குப் பதிலா எல்வுட்டோட மச்சானை நிறுத்தப்போறேன்."

லுவெல்லாவின் முகம் சிவந்தது. பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நான் என் பூட்டோடதான் வருவேன். வெடிக்கலைன்னா அங்கேயே திருகாணியைக் கழட்டிப் பூட்டை உங்க கையில குடுத்துடறேன். பலகைல இருக்கற என் பேரையும் நானே அழிச்சிடறேன். போதுமா?"

மெர்வின் மூன்றாவது கோப்பையைக் கேட்காமல் எழுந்து போனார்.

சொல்லிவிட்டாள். ஆனால் துப்பாக்கி ஏன் வெடிக்கவில்லை என்பது அவளுக்கே தெரியாது. முதல் வருடம் கல் மழுங்கிவிட்டது என்று நினைத்தாள். அடுத்த வருடம் புதுக் கல்லைத் தோலில் பொதிந்து, முனை தகட்டுக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்து மாட்டினாள். ஊசித்துளையைக் குத்திச் சுத்தம் செய்தாள். சங்கக் கொட்டகைக்குள் அடுப்புச் சூட்டில் இருந்துவிட்டு வெளிக் குளிருக்கு வந்தால் இரும்பு வியர்க்கும் என்று துப்பாக்கியை வாசலிலேயே சாத்தி வைத்தாள். அப்படியும் மூன்று முறை டக், டக், டக். மூன்று தட்டில் வெடிக்கவில்லை என்றால் அந்தக் குண்டு போனதாகக் கணக்கு. எங்கள் போட்டியில் ஆளுக்கு ஒரே குண்டுதான்.

வீட்டில் நாற்பதுக்கு நாற்பது, அங்கே சைபர். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வீட்டிலேயே புத்தாண்டைக் கொண்டாடிப் பார்ப்பதென்று முடிவு செய்தாள்.

எங்கள் ஊரில் புத்தாண்டு என்றால் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும். அதைச் சாப்பிடாமல் யாரும் வருடத்தைத் தொடங்குவதில்லை. போட்டியன்று அறுபது பேருக்கு அதைச் சமைத்துப் பரிமாறுவதும் லுவெல்லாதான். இருபது வருடமாக அந்தக் கரண்டியை வேறு யாரையும் தொட விட்டதில்லை.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு கறி சமைத்தாள். கணவன் ஹார்வியோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னால் போய்ச் சுட்டாள். முதல் தட்டிலேயே வெடித்தது. எரிச்சலாக வந்தது அவளுக்கு.

அடுத்த ஞாயிறு ஹார்வி மேசையில் உட்காரப் போனான். விடவில்லை.

"உக்காராதே. தட்டை எடுத்துட்டு வரிசைல வா."

"எந்த வரிசை? நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

"நீதான் அறுபது பேர். வாங்கிட்டுப் போ, கொட்டிட்டுத் திரும்பி வா. நான் ஏப்ரன் கட்டிட்டு நின்னு போடறேன்."

"லுவெல்லா, எனக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆச்சு. பைத்தியம் பிடிக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

முணுமுணுத்துக்கொண்டே ஹார்வி சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். இருபத்தெட்டாவது சுற்றில் அவள் சொல்லி வைத்தபடி, சுடுபவர்களைக் கோட்டுக்குக் கூப்பிடும் மெர்வினின் குரலில் கத்தினான். "ஹெக்மன், கோட்டுக்கு வா!" லுவெல்லா கரண்டியைப் போட்டாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கிண்ணியில் மருந்து போட்டாள், தகட்டைத் தடவினாள், விசையை இழுத்தாள்.

டக்.

மறுபடி தடவினாள். டக். இன்னும் அழுத்தித் தடவினாள். டக்.

"வெடிக்கல!" என்று கூவினாள். "ஹார்வி, வெடிக்கவே இல்ல!" துப்பாக்கி வெடிக்கவில்லை என்று அப்படித் துள்ளிக் குதித்த ஆளை எங்கள் பள்ளத்தாக்கு அதற்கு முன்னால் கண்டதில்லை.

பனிக்காலத்துச் சாய்ந்த வெயில் தகட்டின் மேல் விழுந்தது. அதன் முகத்தில் அவளுடைய கட்டைவிரல் ரேகை வழவழவென்று மின்னியது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். பன்றிக்கறி வாசனை. இரண்டு வருடமும் கொழுப்பு படிந்த ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே தகட்டுக்கு எண்ணெய் பூசியிருக்கிறாள். கல் சுரண்டாமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. பதற்றத்தில் தடவத் தடவ இன்னும் மோசம். மற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் யாரும் தகடு செய்யவும் இல்லை, அதைக் கொஞ்சவும் இல்லை.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தையும் மீறி நெஞ்சு நிமிர்ந்தது. தப்பு விரலில்தான், பூட்டில் இல்லை.

புத்தாண்டு அன்று சங்கக் கொட்டகை நிரம்பி வழிந்தது. "இந்த வருஷமாவது வேற யாராவது பரிமாறட்டுமே" என்றான் ஹார்வி. ஒரு பார்வை பார்த்தாள், அவன் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டான். அறுபது பேருக்கும் அவளே போட்டாள். மெர்வினின் கோட்டுப் பையில் அந்தப் பொட்டலம் புடைத்துக்கொண்டிருந்தது.

முதல் மூன்று பேர் சுட்டு முடித்தார்கள். குண்டுகள் நடுவிலிருந்து விலகிய தூரத்தைக் கூட்டிப் பார்த்தால், மலைக்கு அந்தப் பக்கத்தார் அரை அங்குலம் முன்னால் இருந்தார்கள்.

"ஹெக்மன், கோட்டுக்கு வா!"

லுவெல்லா ஓடவில்லை. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வெந்நீரும் சோப்பும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். எல்வுட்டால் பொறுக்க முடியவில்லை.

"என்ன லுவெல்லா, ஆப்பரேஷனா பண்ணப்போறே? தூங்குமூஞ்சியை எழுப்பறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்போல இருக்கே!"

வெளியே வந்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் தகட்டையும் கல்லையும் துடைத்தாள். கிண்ணியில் மருந்தை ஊசித்துளை மூழ்காத அளவுக்குப் போட்டாள். அப்போது வலது கட்டைவிரல், சொல்லாமல் கொள்ளாமல், தகட்டை நோக்கிப் போனது. பழக்கம். எஃகுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடம் இருக்கும்போது கவனித்தாள். விரலை மடக்கிக்கொண்டாள். வேடிக்கை பார்த்தவர்களோடு நின்ற ஹார்வி மூச்சை விட்டான்.

துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். விசையை இழுத்தாள்.

டக் என்ற சத்தமே கேட்கவில்லை. பொறியும் புகையும் முழக்கமும் ஒன்றாக வந்தன. மலை அதைத் திருப்பிச் சொன்னது. குறிப்பலகையின் நடுவில் கீறியிருந்த குறுக்குக் கோட்டின் மேலேயே குண்டு உட்கார்ந்திருந்தது. அவள் தன் பூட்டைப் பார்த்தாள். அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. கை சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

கடைசியில் சுட்ட மெர்வின் சொதப்பாமல் இருந்ததால் எங்கள் பக்கம் ஜெயித்தது. எல்லோரும் கொட்டகைக்குள் நெருக்கியடித்தார்கள்.

"அப்படி என்னதான்மா பண்ணினே?" என்று கேட்டார் மெர்வின்.

"கழுவினேன்."

"பூட்டையா?"

"கையை."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், ஹார்வி அறுபது பேரானது உட்பட. கொட்டகை அதிரச் சிரித்தார்கள், ஆனால் அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மெர்வின் பொட்டலத்தை எடுத்துத் தன் பழைய துப்பாக்கியின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அசடு வழிய மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

எல்வுட் ஈரத்துணியோடு பெயர்ப்பலகையை நெருங்கினான்.

"டேய் எல்வுட், அதைத் தொடாதே" என்றாள் லுவெல்லா.

"உன் நல்லதுக்குத்தான் அழிக்கறேன்."

"வேண்டாம். அடுத்த வருஷம் அந்தப் பக்கத்து ஆளுங்க வந்து தூங்குமூஞ்சின்னு படிக்கட்டும். படிச்சிட்டு நிம்மதியா உக்காந்து கறி சாப்பிடட்டும். நானே பரிமாறறேன்."