சிரிக்கிற மூஞ்சியில் வைத்த விரல்

எங்கள் லைனுக்கு ஒரு பெண் அட்டையோடு வந்தாள். அட்டையில் ஐந்து மூஞ்சிகள். ஒரு ஓரத்தில் வாயெல்லாம் பல்லாக ஒன்று, மறு ஓரத்தில் கண்ணீர் விடுகிற ஒன்று. வயசானவர்களுக்கு இந்த இடம் எவ்வளவு தோதாக இருக்கிறது என்று பார்த்து எழுத பெங்களூரிலிருந்து அனுப்பியிருக்கிறார்களாம். அவள் கேள்வி கேட்பாள், நாங்கள் மூஞ்சியைத் தொட வேண்டும். நான் இரண்டாம் கிளாஸோடு நின்றவள். இந்தப் பரீட்சை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"அந்த அழுவுற மூஞ்சி என் வூட்டுக்காரர் மாதிரியே கீதும்மா. கல்யாணத்தன்னிக்கு இப்பிடித்தான் குந்தினு இருந்தாரு" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிறது. கம்பெனி வரிசையாகக் கட்டிய தகரக் கூரை லைன் வீடுகளில் நாங்கள் இன்னும் இருக்கிறோம். வீடு உங்களுடையது என்று எங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் யார் பேப்பரோடு வந்தாலும் காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைப்போம். சுரங்கம் ஓடின காலத்தில், லைனைப் பார்க்க ஆள் வந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் என் அப்பா சொல்வார். கூரை ஒழுகுகிறது என்று சொன்ன குடும்பத்தை இன்னும் மோசமான லைனுக்கு மாற்றினார்களாம்.

அந்தப் பெண் எங்களிடம் வரும் முன்பே, அடுத்த லைனில் இருக்கிறாள் என்று தெரிந்ததுமே குழாயடியில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். "அழுவுற மூஞ்சியத் தொட்டீங்கன்னா, வீடு சரியில்ல, காலி பண்ணுன்னுடுவாங்க. எல்லாரும் பல்லக் காட்டுறதுலயே கைய வைங்க."

பக்கத்து வீட்டு அக்கா என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். இரண்டு முட்டியும் போய்விட்டன. லைன் கக்கூஸ் சரிவுக்குக் கீழே இருக்கிறது. ஏழு படி இறங்கணும், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, உள்ளே போனால் குந்தித்தான் உட்காரணும். அங்கே போக வேண்டி வருமே என்று அக்கா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். உதடு எப்போதும் வெடித்துக் கிடக்கும்.

"பஸ் ஸ்டாப் எப்படி இருக்கு அஜ்ஜி?" என்று அந்தப் பெண் பாட்டியைக் கன்னடத்தில் கூப்பிடுகிற மாதிரி கேட்டாள். அக்கா சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டாள். தெரு விளக்குக்கும் அதையே தொட்டாள்.

"டாய்லெட் போய்ட்டு வர்றது?"

அக்காவின் விரல் அழுகிற மூஞ்சியைப் பார்த்துக் கிளம்பியது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாக்கா, கண்ணு தெரியலியா? மாப்ள இந்தப் பக்கம் கீறாரு" என்று விரலைப் பிடித்துச் சிரிக்கிற மூஞ்சியில் வைத்தேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் என் பிடிக்குள் அந்த விரல் ஒருமுறை இழுத்துப் பார்த்தது. அப்புறம் விட்டுவிட்டது.

மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பெண் மறுபடி வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"உங்க லைன்தான் அஜ்ஜி ஃபர்ஸ்ட். வயசானவங்களுக்கு ரொம்ப நல்ல இடம்னு வந்திருக்கு."

"அப்ப எங்களுக்கு இன்னா தருவீங்க?"

"கைப்பிடி, உட்கார்ற கக்கூஸ் எல்லாம் மார்க் கம்மியா வந்த இடத்துக்குத்தான். பக்கத்துல நந்திதுர்க் லைன்ல வேலை ஆரம்பிச்சாச்சு."

"வீடு?" என்று கேட்டேன்.

"எந்த வீடு?" என்றாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அட்டைய இன்னொரு வாட்டி காட்டும்மா. இப்ப சரியாத் தொடறோம்."

"அனுப்பியாச்சு அஜ்ஜி. இனிமே மாத்த முடியாது."

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். "நான்தான்கா உன் கையத் தூக்கி அங்க வச்சேன்."

"உடுடி. வீடு போய்டுமோன்னு எனக்கும்தான் பயம். விரலு என்னுதுதானே" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது காலையில் நான்தான் அவளைக் கைத்தாங்கலாக இறக்குகிறேன். என் காலும் ஒன்றும் இரும்பு இல்லை. போன வாரம் மூன்றாவது படியில் வழுக்கி இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். எதையாவது சொல்லி அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன். கடைசியில் அவள் புடவையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டதோடு சரி.

மேலே ஏறி வந்ததும் டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள்.

"போதும்டி. மறுபடி எறங்கணும்" என்று டம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.